நீல மூடி

ஏனுங்க அம்மிணி, இந்தத் தூக்குப்போசியைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? கீழ வெச்சா ஏறறவங்க எறங்கறவங்க கால் பட்டுரும். அட, தள்ளி எடமும் குடுக்கறீங்க, நல்லா இருப்பீங்க. போசி உங்ககிட்டயே இருக்கட்டுங்க.

சீம்பாலுங்க. மாடு கன்னு போட்டு ரெண்டாம் நாள் கறந்தது. வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் போட்டு, ஆவியில வேக வெச்சிருக்கறேன். பவானியில ஒரு பொண்ணுக்குக் கொண்டு போறேன். எங்க சொந்தமெல்லாம் இல்லீங்க. ராமநாதபுரம் பக்கம், கடக்கரைப் பொண்ணு. பேரு ஷீபா. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி ஒரு மாட்டு மருந்துக் கடையில வேலை பாக்குது. சீம்பாலையே வாயில வெச்சதில்லைன்னு ஒரு நாள் சொல்லுச்சு. எங்க செவலை கன்னு போட்டா மொதப் போசி உனக்குத்தாண்டின்னு சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தோணுமில்லீங்களா. நான் சொல்லு தவற மாட்டேன், எங்கூர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அதுக்குத்தான் போறனான்னு கேட்டா, அதுக்கு மட்டுமில்லீங்க. பவானிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. சொல்றேன். என் மொகம் உங்களுக்குத் தெரியாது, உங்க மொகம் எனக்குத் தெரியாது, அதனாலதான் வாயே வருது.

என் பேரு வேலாத்தாளுங்க. எங்கூரு மகளிர் பால் சங்கத்துக்குத் தலைவி. ஒம்பது வருசமா நான்தான். நியாயம்னா வேலாத்தான்னு ஊருக்குள்ள ஒரு பேரு. அது எப்ப வந்துச்சுன்னா, நான் கல்யாணமாகி வந்த புதுசுல. எங்கூர்க் கருப்பணார் கோயில்ல கெடா வெட்டினா கறியைக் கூறு போடுவாங்க, வீட்டுக்கு ஒரு கூறு. வாழையெலையை வரிசையா விரிச்சு, நெஞ்செலும்பு ஒரு துண்டு, ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டுன்னு எல்லாக் கூறுலயும் எல்லாம் விழோணும். ஒண்ணு கூடக் கொறைய ஒண்ணு இருக்கக் கூடாது. அந்த வருசம் சின்னக்காள்னு ஒருத்தி வீட்டுக்கு மட்டும் கூறு வெக்கலீங்க. புருசன் செத்து மூணு மாசம், ஆம்பளை இல்லாத வீடுன்னு விட்டுட்டாங்க. புதுப் பொண்ணு நான், தலை நிமுந்து பேசாதவ, நேராப் போயி எங்க மாமனாரு கூறையே எடுத்துப் பாதியாப் பிரிச்சு அவளுக்கு வெச்சேன். ஊரே வாயைப் பொளந்துட்டுப் பாத்துச்சு. அடுத்த வருசத்துல இருந்து அவளுக்குக் கூறு உண்டு. இன்னைக்கும் உண்டு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் அப்படியாப்பட்டவ. அதை மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க. என்னைத் தப்பா நெனைச்சுப்போடாதீங்க. சரி, நெனைச்சாலும் நெனைச்சுக்குங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த ஷீபாப் பொண்ணு சங்கத்துக்கு வந்துச்சு. ஏதோ ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில பெரிய படிப்புப் படிச்சுட்டிருந்துச்சு. ஒல்லியா, தோள்ல ஒரு பை, செருப்பெல்லாம் சாணி. வந்து ஒக்காந்து சொல்லுது, அக்கா, மாடு அசை போடறப்ப ஏப்பம் விடுதில்ல, அதுல மீத்தேன்னு ஒரு வாயு வருது, அது மேல போயி பூமியோட வெக்கையைக் கூட்டுதுன்னு. எங்க பொம்பளைங்களுக்குச் சிரிப்புத் தாங்கல. கார் ஓட்டறவன் பஸ் ஓட்டறவனையெல்லாம் உட்டுப்போட்டு எங்க மாட்டைப் புடிக்க வந்துட்டியான்னா ஒருத்தி. எங்கூட்டுக்காரரு ஏப்பத்தையும் அளந்து பாரு அம்மிணி, ஊரே பத்தி எரியும்னா இன்னொருத்தி. அதுவும் கூடச் சேந்து சிரிக்குது. துளி கோவப்படல. அதுலயே எனக்கு அந்தப் புள்ளையைப் புடிச்சுப்போச்சு.

கடல் பாசியைக் காய வெச்சு அரைச்ச பொடி. காலையில ஒரு கரண்டி, பொழுதோட ஒரு கரண்டி தவிட்டுல கலந்து வெச்சா அந்த வாயு கொறையுமாம். கொறையுதான்னு சோதிச்சுப் பாக்கோணும். இருவது வீடு, வீட்டுக்கு ஒரு மாடு, அஞ்சு மாசம். மாசத்துக்கு ஆளுக்கொரு டப்பா வரும். பத்து டப்பாவுக்குச் செவப்பு மூடி, பத்து டப்பாவுக்கு நீல மூடி. ஒரு நெறத்துல பாசி கலந்திருக்கும், இன்னொண்ணுல வெறும் தவிட்டுப் பொடிதான். எதுல எதுன்னு எனக்கே சொல்ல மாட்டாங்கக்கா, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்லுவாங்கன்னுச்சு. ரெண்டு பக்கத்து மாட்டையும் ஒப்பிட்டாத்தான் பொடி வேலை செய்யுதா இல்லையான்னு தெரியுமாம். சீட்டெழுதிக் குலுக்கிப்போட்டு ஆளுக்கொண்ணு எடுத்தோம். யாருக்கு எது வந்துச்சுங்கற கதையெல்லாம் இப்ப எதுக்கு.

மாசக் கடைசியில அளக்க வரும். மாட்டு மூஞ்சில கயித்தைக் கட்டி, மூக்குக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குழா, கழுத்துல ஒரு உருளை. ஒரு நாள் பூரா மாடு அதோட நிக்கோணும். எங்க செவலை அதை மாட்டிக்கிட்டு மணமேடையில நிக்கற பொண்ணாட்டம் அசையாம நிக்கும். ஷீபா மாடு கட்டற கட்டுத்தரையிலயே ஒக்காந்திருக்கும், அங்கயே சோறு திங்கும். அப்படி ஒக்காந்திருந்தப்பத்தான் சொல்லுச்சு, அதோட அம்மா கடல்ல முங்கிப் பாசி எடுக்கறவங்களாம். பாறை கிழிச்சுரும்னு வெரலுக்கு வெரல் துணி சுத்திக்கிட்டு எறங்குவாங்களாம். சுத்தினாலும் கிழிக்குமாம். இந்தப் பொடி செயிச்சுட்டா எங்கம்மா மாதிரி ஆளுகளுக்கு வருசம் பூரா வேலை இருக்கும்க்கா, பாசிக்கு நல்ல வெலை வரும்னு சொல்லுச்சு. அதைச் சொல்றப்ப அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கோணும்.

சரி. நாங்க பண்ணின வேலைக்கு வர்றேன்.

மூடியைத் தொறந்த அன்னைக்கே எங்க பொம்பளைங்களுக்கு எதுல என்னன்னு தெரிஞ்சுபோச்சுங்க. மூக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல. செவப்பு மூடியைத் தொறந்தா கருவாட்டுக் கடைக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்குது. நீல மூடியில ஒண்ணுமில்ல, தவிடு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியல. கடல் வாடையிலயே பொறந்து வளந்ததுக்கு அது ஒரு வாடையாவே படல போல. நாங்களும் சொல்லல.

தெரிஞ்சதும் பேச்சு ஆரம்பிச்சுது. வாயுவா வீணாப் போற தீனிச் சத்துல கொஞ்சம் மாட்டுக்கே மிஞ்சலாம்னு ஷீபா ஒரு நாள் சொல்லியிருந்துச்சு. மிஞ்சலாம்னுதான் சொல்லுச்சு. அது சங்கத்துல இருந்து வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, செவப்பு டப்பா போட்டா அரை லிட்டர் பாலு கூடும்னு ஆயிருச்சு. மொத மாசம் போறதுக்குள்ள செவப்பு வீட்டுக்காரிங்க பால் ஊத்த வர்ற நடையே மாறிப்போச்சு. எங்க எதுத்த வீட்டு ருக்குமணி இருக்கறாளே, அவளுக்குச் செவப்பு. போசியைத் தூக்கிட்டு வர்றதைப் பாக்கோணும், தீர்த்தக் கொடம் எடுத்துட்டு வர்ற மாதிரி வருவா.

சின்னக்காளுக்கு நீல மூடி. ஒத்தை மாட்டை வெச்சுப் பொழைக்கறவ. அவ மாட்டுக்குத் தவிட்டைக் குடுத்துட்டு, தோட்டம் தொரவு இருக்கற ருக்குமணி மாட்டுக்குப் பாசியைக் குடுக்கறது என்னங்க நியாயம்? எனக்கு மனசு கேக்கல. சீட்டுல விழுந்துச்சுன்னு சொன்னாங்க. சீட்டு என்ன சாமியா? எங்கூட்டுக்காரரு கூடச் சொன்னாரு, அது சோதனைடி, பந்தி இல்ல, எல்லார் எலையிலயும் எல்லாம் விழறதுக்குன்னு. அவரு எப்பவுமே அப்படித்தான் குறுக்கால பேசுவாரு, நான் காதுலயே வாங்கல.

ரெண்டாம் மாசத்து டப்பா வந்த அன்னைக்குப் பொழுதோட, எல்லாரையும் டப்பாவோட சங்கத்துக்குப் பின்னாடி வரச் சொன்னேன். கோயில் பொங்கலுக்கு வெக்கற அண்டாவைக் கொண்டாந்தோம். இருவது டப்பாவையும் அதுல கொட்டினோம். நானே ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் உட்டு அடியில இருந்து மேல வரைக்கும் கலந்தேன். அப்புறம் இருவது கூறு. தராசுல வெச்சு, ஒரு சிட்டிகை கூடக் கொறைய இல்லாம. அவங்கவங்க டப்பாவுலயே போட்டு, அவங்கவங்க மூடியையே போட்டு மூடிட்டோம். செவப்புக்குச் செவப்பு, நீலத்துக்கு நீலம்.

ருக்குமணி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நின்னா. நீயெல்லாம் சங்கத்துல என்னத்துக்கு இருக்கறேன்னு ஒரே வார்த்தைதான் கேட்டேன், கொட்டிட்டா. அப்புறம் கற்பூரம் ஏத்தி, ஒவ்வொருத்தியும் அதைக் கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணினோம், அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு. நான்தான் மொதல்ல அடிச்சேன். வீட்டுக்குப் போறப்ப எனக்கு அப்படியொரு நெறைவு.

யாருக்கும் கெடுதல் நெனைக்கலீங்க. எல்லா மாட்டுக்கும் அரைப் பங்கு பாசி போகுது, எல்லா மாடும் கொஞ்சம் கொஞ்சம் ஏப்பத்தைக் கொறைச்சுக்கும், அந்தப் புள்ளைக்கும் அது சந்தோசம்தானேன்னு நெனைச்சேன். மாசா மாசம் டப்பா வந்ததும் அண்டாவை எறக்கிருவோம். நாலு மாசம். ஷீபா அளக்க வர்றப்பெல்லாம் கேக்கும், அக்கா, அவங்கவங்க டப்பாவை அவங்கவங்க மாட்டுக்குத்தானே போடறாங்கன்னு. நான் இருக்கறப்ப உனக்கென்ன கண்ணு கவலைன்னு சொல்லுவேன். அது நோட்டுல டிக் அடிச்சுக்கும். கண்ணைப் பாத்துச் சொல்லியிருக்கறேங்க, நாலு தடவை.

பாலா? கூடலீங்க. ஒரு சங்கு கூடக் கூடல. அதை உடுங்க.

எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு வந்துச்சு. கையில ஒரு ஓலைப்பெட்டி நெறையக் கருப்பட்டி, அவங்கம்மா சங்கத்துக்குக் குடுத்து உட்டது. எங்க எல்லாரையும் ஒக்கார வெச்சு, பொடி வேலை செய்யலக்கான்னு சொல்லுச்சு. மொத மாசம் செவப்பு மூடி மாட்டுக்கெல்லாம் வாயு நல்லாக் கொறைஞ்சிருக்குது, ரெண்டாம் மாசத்துல இருந்து செவப்பும் நீலமும் ஒண்ணுபோல ஆயிருச்சு, ஏன்னே தெரியலக்கா, மொத மாசம் நான் அளந்ததுலதான் ஏதோ தப்பு இருக்கோணும்னு எங்க சார் சொல்றாருன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. உங்க மேல ஒரு கொறையும் இல்லக்கா, நீங்க எல்லாரும் சொன்னபடி செஞ்சீங்கன்னு கும்பிட்டுச்சு.

எனக்கு அப்பத்தாங்க ஒறைச்சுது. செவப்பும் நீலமும் வேற வேறயா இருந்தாத்தான் அந்தப் புள்ளைக்குப் படிப்பு. அது ரெண்டையும் தேச்சு ஒண்ணாக்கினது இந்தக் கை.

அப்புறம் எங்க கட்டுத்தரைக்கு வந்துச்சு. அங்கதான் அழுதுச்சு, செவலை கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. மாடு அது தோளை நக்குது. நான் ஒரு எட்டுத் தள்ளி மோர்ச் சொம்போட நிக்கறேன். அப்பச் சொல்லியிருக்கலாமில்லீங்களா? நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? எல்லாம் நேரம் கண்ணு, மோரைக் குடின்னேன். நேரமாம். பழியைத் தூக்கி நேரத்து மேல போட்டுட்டு, அது குடிச்சுட்டு வெச்ச சொம்பைக் கழுவி வெச்சேன். இப்ப நெனைச்சாலும் ஒடம்பு கூசுதுங்க.

கருப்பட்டியையும் இருவது கூறு போட்டோம். ஆமாங்க, அதையும்தான். என் கூறு இன்னும் டப்பாவுல அப்படியே கெடக்குது. எடுத்து வாயில வெக்க முடியல.

படிப்புக்கு வந்துட்டிருந்த ஒதவித்தொகையை நிறுத்திட்டாங்களாம். தோத்துப்போயி ஊருக்குப் போக மனசில்லாம இந்த மருந்துக் கடையில சேந்துருச்சு. கேள்விப்பட்டதும் போனேன். சொல்லிரலாம்னுதாங்க போனேன். வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு போனேன். அக்கான்னு ஓடியாந்துச்சு. இவங்கதான் எங்க சங்கத்தக்கா, எனக்காக இருவது வீட்டையும் கட்டி மேச்சவங்கன்னு மொதலாளிகிட்டச் சொல்லுது. முருங்கைக்காயைக் குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டாம் தடவை நெய் கொண்டு போனேன். சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள டீ வாங்கியாந்து குடுத்து, இந்த ஊர்ல எனக்குன்னு நீங்க ஒருத்திதான்க்கான்னுச்சு. டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

முந்தாநாள் செவலை கன்னு போட்டதைச் சொல்லப் போன் பண்ணினேன். அப்படியொரு சந்தோசம் அதுக்கு. அப்புறம் மெல்லச் சொல்லுது, திங்கக்கெழமை ஆராய்ச்சியோட கடைசிக் காகிதத்துல கையெழுத்துப் போடப்போறேன்க்கா, பாசியால பலன் இல்ல, மொத மாச அளவு என் தப்புன்னு எழுதியிருக்குது, போட்டுட்டா அதோட முடிஞ்சுதுன்னு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், இனிப் பாசியை நம்ப வேண்டாம், நண்டு உரிக்கற கம்பெனியில வேலை கேளுன்னுச்சு. இன்னைக்குச் சனிக்கெழமைங்களா? அதுக்குத்தாங்க இந்தப் பஸ்.

நான் வாயைத் தொறந்தா அந்த மொத மாச அளவு சரின்னு ஆயிரும். அந்தளவுக்கு எனக்கும் புரியுது. அண்டாவுல கலந்த தேதி நாலையும் சங்கத்து நோட்டுப் பின்னட்டையில எழுதி வெச்சிருக்கறேன், இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. கற்பூரம் அடிச்சதைக் கருப்பணாரு கேட்டா என்னைக் கேக்கட்டும். பத்தொம்பது பேரும் என்னை வாயில வந்தபடி ஏசட்டும். தலைவி பதவியும் போகட்டும். அதுக்கெல்லாம் நான் பயப்படறவ இல்ல. சின்னக்காளுக்காக நியாயம் பேசினதுக்கு இப்படி ஆயிருச்சேன்னுதான் வருத்தம்.

என்னங்க? என்ன கேட்டீங்க?

என் டப்பா என்ன நெறமா?

அது எதுக்குங்க இப்ப. அந்த ஜன்னலைக் கொஞ்சம் எறக்கி உடுங்க, காத்து மூஞ்சிலயே அடிக்குது.

இத்தனை நாள்ல இதை ஒருத்தரும் என்கிட்டக் கேக்கல பாத்துக்குங்க. எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும், அதனால கேக்கல. நீலங்க. எனக்கு வந்தது நீல மூடி. சீட்டை எழுதினதும் நான், குலுக்கினதும் நான், என் கையால நானே எடுத்தேன், நீலம். தலைவி வீட்டு மாட்டுக்குத் தவிடு, எதுத்த வீட்டு ருக்குமணி மாட்டுக்குப் பாசி. அவ தெனமும் போசியைத் தூக்கிட்டு என் வாசலைத் தாண்டிப் போறப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. அதாங்க நெசம்.

சின்னக்கா ஒண்ணுமே கேக்கல. அண்டாவுல கொட்டறப்பக் கூட, எனக்கு எது வந்தாலும் சரி வேலாத்தா, அந்தப் பொண்ணு சொன்னபடியே இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் சொன்னா. சும்மா இரு, உனக்காகத்தான் பேசறேன்னு அடக்கிட்டேன். முப்பது வருசத்துக்கு முன்னாடி அவளுக்குக் கூறு வெச்சதை வெச்சுக்கிட்டு, அவ பேரைச் சொல்லி என் வயித்தெரிச்சலைத் தீத்துக்கிட்டேன். இன்னைக்கு உங்ககிட்டக் கூட அவ பேரைத்தான் மொதல்ல சொன்னேன் பாருங்க.

கலந்ததைச் சொல்லிருவேங்க. நியாயம்னு நெனைச்சுக் கலந்துபோட்டேன் கண்ணுன்னா, அது என் கையைப் புடிச்சுக்கிட்டு, தெரியாமப் பண்ணிட்டீங்கக்கான்னு சொல்லும். அப்படித்தான் சொல்லும், எனக்குத் தெரியும். நானும் ஆமா கண்ணுன்னு கண்ணைத் தொடைச்சுக்குவேன். அப்படி ஆயிரக் கூடாதுங்க. நீலத்தையும் சேத்துச் சொல்லோணும்.

அந்தா, பாலம் வந்துருச்சு. அந்த மஞ்சப் போர்டுதான் கடை. வாசல்ல பச்சைச் சுடிதார் போட்டு நிக்குது பாருங்க, அதுதான். வர்றேன்னு போன்ல சொல்லியிருந்தேன், அதான் வெளிய வந்து நிக்குது. கையாட்டுது.

போசியா? இல்லீங்க, குடுக்காதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். நெசமாத்தாங்க சொல்றேன். அது என் கையில இருந்தா அதைக் குடுத்துட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சுருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வீட்டுல கொழந்தைங்க இருந்தாக் குடுங்க, இன்னைக்கே தின்னுரோணும், நாளைக்குத் தாங்காது.

சீம்பால் எங்கக்கான்னு கேக்கும். கேக்கட்டும். கொஞ்சம் வழி உடுங்க, எறங்கிக்கறேன்.